சொல்லுக்குச் சொல் இடைவெளி

டப்பிங் ஸ்டூடியோவில் அவரை 'அரை பிரேம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நடிகர்களின் குரலை வெட்டி, நகர்த்தி, திரையில் அசையும் உதட்டோடு பொருத்துவது அவர் வேலை. ஒரு நொடிக்கு இருபத்துநான்கு பிரேம் ஓடும் படத்தில், குரல் அரை பிரேம் தள்ளி விழுந்தாலும் பிடித்துவிடுவார். இருபத்தாறு வருஷமாக அந்தக் காதை நம்பித்தான் குடும்பம் ஓடியது. கர்வமும் கொஞ்சநஞ்சமில்லை. கம்ப்யூட்டரில் ஓடும் ஒலிக்கோட்டைப் பார்த்து வெட்டுகிறவர்களைக் கண்ணால் கேட்கிற கூட்டம் என்று கேலி செய்வார்.

அந்தக் காதுக்கு யார் கண் பட்டதோ. போன மாதம் வந்த படத்தில் எல்லாரும் வார்த்தைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பேசியிருப்பதாக அவருக்குப் பட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சளவு மௌனம்கூட இல்லை. மனுஷன் பொறுப்பானவர் அல்லவா, பதினொரு நாள் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் இடைவெளி போட்டுத் திருத்தினார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமும் இல்லை.

அதைக் கேட்ட ஸ்டூடியோ முதலாளியம்மா அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நடிகை பேசியதை முதலிலும் அவர் திருத்தியதைப் பிறகும் போட்டுக் காட்டினார். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். இரண்டாவதுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார் அவர்.

"அண்ணே, ரெண்டாவதுல அந்தப் பொண்ணு எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி இருக்கு. வாய் மூடின பிறகும் குரல் வருது. முதல்ல காதை டாக்டர்கிட்ட காட்டுங்க."

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கேட்கும் சக்தி குறைந்ததில் சத்தம் சின்னதானது மட்டுமில்லை, சத்தங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன இடைவெளிகளும் அவர் காதுக்கு எட்டுவதில்லை என்றார். கருவி வைத்தால் சத்தம் கூடும். அந்த நுணுக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்த நுணுக்கம்தானே அவருடைய பிழைப்பு.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தார். மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, உன் பேச்சு ஒன்றுதான் இன்னும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது, அதுவாவது மிஞ்சியதே என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா நான் உங்களுக்காகத்தான் விட்டு விட்டுப் பேசுறேங்க. சொன்னா உடைஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லல."

"ஒரு தடவை நீ மத்தவங்ககிட்ட பேசுற மாதிரி பேசு" என்றார்.

அவள் பேசினாள். முடித்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரு வார்த்தையும் பிரியவில்லை.