சிரிக்கக் கூடாத ஒன்பது நாள்

சென்ற மாதம் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். இளம் டாக்டர் வேடிக்கையாகப் பேசிக்கொண்டே முடித்துவிட்டு, மத்தியானமே வீட்டுக்குப் போகலாம் என்றார். நர்சுகள் சிரித்தார்கள். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தேன். எழுபது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், மனைவியை இழந்த பெரியப்பா எங்களோடு இருந்தார். சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் திரி வெட்டுவது அவர் வேலை. இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை மங்கியதும் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கும் சிரித்தார். "பூவைப் பறிச்சா உனக்குத்தான்டா மாலை" என்பார். நானும் அவர் இமையைத் தூக்கிப் பூவைத் தேடுவேன்.

புரை முற்றினால்தான் எடுக்க முடியும் என்று இரண்டு வருஷம் காக்க வைத்தார்கள். பலாப்பழத்தை விசாரிப்பதுபோல எல்லாரும் அவரிடம் "பழுத்திருச்சா?" என்று கேட்டார்கள். ஒருவழியாக வலக்கண்ணை அறுத்தார்கள்.

டாக்டர் எடுத்ததை, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் யாழ்ப்பாணத்து டிரெசர் ஒரு கிண்ணத்தில் எனக்குக் காட்டினார். பூ இல்லை. பட்டாணியை நசுக்கியதுபோல, மங்கிய தேன் நிறத்தில் ஒரு மணி.

"இது எல்லாற்றை கண்ணுக்குள்ளையும் இருக்கு, தம்பி. கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கும். வயசு போகப் போக மங்கும்."

பெரியப்பா பார்த்த ரயில்கள், ஊரிலிருந்து ஏறிவந்த கப்பல், இறந்துபோன பெரியம்மா எல்லாம் இதன் வழியாகத்தான் உள்ளே போயிருக்குமா? கோயிலில்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

பிறகு டிரெசர் பெரியப்பாவிடம் திரும்பினார். "வெட்டின இடத்திலை தையல் இல்லை, அண்ணை. தானா ஒட்ட வேணும். ஒன்பது நாள் தலை அசையக் கூடாது. இருமக் கூடாது. சிரிக்கவே கூடாது, விளங்கிச்சோ?"

இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. பள்ளி விடுமுறை என்பதால் பகலில் கஞ்சி ஊட்ட என்னை உட்கார வைத்தார்கள். நான்காம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. சிரிக்காத பெரியப்பா வேறு யாரோ போலிருந்தார். டிரெசர் அந்தப் பக்கம் போனதும் அவர் குரலிலேயே, "அண்ணை, சிரிக்கவே கூடாது, விளங்கிச்சோ?" என்றேன்.

முதலில் வயிறு குலுங்கியது. அடக்கப் பார்த்தார். பிறகு வெடித்துவிட்டது. சிரித்து ஓய்வதற்குள் கட்டின் ஓரத்தில் சிவப்பாக ஈரம் ஊறியது.

அந்தக் கண் போய்விட்டது. டாக்டர் கேட்டபோது, "இருமிட்டேங்க" என்றார் பெரியப்பா. நான் கட்டிலுக்கடியில் கிடந்த அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுவருஷம் இடக்கண். மிச்சமிருந்தது அது ஒன்றுதான். "இந்தத் தடவ நான் லீவு போட்டு உக்காந்துக்கிறேன்ணே" என்றார் அப்பா.

"வேணாம்டா. பையனே இருக்கட்டும்."

தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். ஒன்பது நாளும் கஞ்சிக் கரண்டி பல்லில் படாமல் ஊட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்துத் தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள். ஜன்னலை வெகுநேரம் பார்த்தார். "வானம் இவ்வளவு நீலமாடா?" என்றார். மெல்லத் திரும்பி என் முகத்தைத் தேடிப் பிடித்தார். கண்ணாடிக்குள் அவர் கண் பசுவின் கண்போலப் பெரிதாக இருந்தது.

"இப்ப அன்னிக்குப் பேசின மாதிரி பேசிக் காட்டு பாப்போம்."

டிரெசர் பக்கத்திலேயே நின்றார். என்னை மாட்டிவிடப் பார்க்கிறார் என்று பயந்து அழுதுவிட்டேன். ஒன்றைக் கெடுத்தவன் கையிலேயே மற்றதையும் எதற்காகக் கொடுத்தார் என்று யோசிக்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.