அப்பாவின் லாரி பஞ்சரான நாள்

கோணல்மாணலாகத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்போல் இல்லை. என் பேத்திக்கு எதற்கெடுத்தாலும் பயம், கெட்டதாகவே நினைக்கிறாள். வேறு என்ன நடந்திருக்கலாம் என்று யோசிக்கப் பழக்கச் சொல்லி அவள் டீச்சர் சொல்லியனுப்பினார். கேட்டதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிவரும் லாரி ஓட்டினார். பொழுது சாய வந்துவிடுவார். கொஞ்சம் தாமதமானாலும் எனக்குள் அந்த லாரி மலையிலிருந்து உருள ஆரம்பித்துவிடும். சோறு இறங்காது.

"வண்டி உருண்டிருச்சும்மா" என்று அழுவேன்.

"அதொண்ணு. வேற என்னவா இருக்கும், சொல்லு கண்ணு? ரோட்டுல யானை நிக்கலாம். உங்கப்பன் டீக்கடையில கதை பேசிட்டு நிக்கலாம். அவரு வந்ததும் கேப்போம். சரியாச் சொன்னவளுக்குக் கடலை மிட்டாய்."

யோசிக்க யோசிக்கச் சோறு தானாக உள்ளே போய்விடும். நீ சாப்பிடவில்லையா என்று கேட்டால், "நான் அப்பவே தின்னுபோட்டேன்" என்பாள்.

அம்மா டீக்கடை சொல்லியே ஜெயித்துக்கொண்டிருந்தாள். நான் யானை சொல்லித் தோற்றேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பஞ்சர் என்று சொல்லிவிட்டு, சாமி படத்தின் முன் நின்று, "இன்னிக்கு டயர் பஞ்சராகோணும் சாமி" என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டேன்.

அன்று அப்பா நன்றாக இருட்டிய பிறகுதான் வந்தார். கையெல்லாம் கரி.

"பஞ்சருங்களாப்பா?" என்று குதித்தேன்.

"ஆமா அம்மணி. அதுல உனக்கென்ன இத்தனை சந்தோசம்?"

"ஏனுங்க, உங்க மக சாமிகிட்ட வேண்டிக்கிட்டாளுங்க" என்றாள் அம்மா.

"நல்லா இருக்குது! ஆத்தாளும் மகளும் சேந்து என்னைய ரோட்டுல உக்கார வெச்சுப்போட்டீங்க."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு தட்டு வைத்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். அப்போதே தின்றவளுக்கு இத்தனை பசியா என்று, மிட்டாயைக் கடித்தபடி வேடிக்கை பார்த்தேன்.

லாரி பச்சையா நீலமா என்பது மறந்துவிட்டது. அன்னூரில் இருக்கும் என் அக்காவுக்குத் தெரியும், யாராவது கேட்டுத் திருத்திவிடுங்கள். அப்படியே இதையும் கேளுங்கள்: அப்பா வருவதற்கு முன்னால் அம்மா ஒருநாளாவது சாப்பிட்டிருக்கிறாளா?