தொமேன் இல்லாத ஒயின்

பிரான்ஸின் பர்கண்டியில், எங்கள் ஊரில் ஒயினை முதலில் யாரும் குடிப்பதில்லை, படிக்கிறார்கள். புட்டியைத் திருப்பி, வருஷத்தையும் ஊர்ப் பெயரையும் தாண்டி, எறும்பு எழுத்தில் இருக்கும் கடைசி வரிக்குப் போவார்கள். அங்கே 'தொமேன்' என்றிருந்தால் திராட்சை சொந்த நிலத்தில் விளைந்தது. இல்லாவிட்டால் விலைக்கு வாங்கியது. அதற்கேற்ப முகம் மாறும். நாக்கை அப்புறம்தான் கேட்பார்கள்.

ஃபிர்மன் பூவ்ரோவின் வாழ்க்கையே அந்த ஒரு சொல்தான். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, நிமிராத முதுகு, லேபிளில் 'தொமேன் பூவ்ரோ'. வேறு எதையும் அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு ஜூன் மாதம் ஆலங்கட்டி மழை அவருடைய திராட்சைச் சரிவை மட்டும் பொறுக்கி அடித்தது. பக்கத்துத் தோட்டத்து அன்செல்மின் கொடியில் ஓர் இலைகூடக் கிழியவில்லை. வானத்துக்கும் எல்லைக்கல் தெரியும் போலிருக்கிறது. ஃபிர்மன் மலைக்கு அந்தப் பக்கம் போய்த் திராட்சை வாங்கிவந்து ஒயின் போட்டார்.

அது புட்டிக்கு வந்த குளிர்காலத்தில்தானா திராட்சைக்காரர்களின் காவலரான புனித வின்சென்டின் சிலை அவர் வீட்டில் தங்கும் முறை வர வேண்டும்? வாழ்நாளில் ஒருமுறை வருவது. சிலை தங்கும் வீட்டுக்காரர், கடைசியாகப் புட்டியில் அடைத்ததையே ஊருக்கு ஊற்ற வேண்டும்.

"பழைய லேபிள் மாதிரியே அடிச்சிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் மனைவி ஒதீல்.

"எனக்குத் தெரியுமேடி."

அந்தச் சொல் இல்லாமலேயே லேபிள் அடித்தார்.

விருந்தன்று ஊரே புட்டியைத் திருப்பியது. நானும்தான்.

"என்னய்யா ஃபிர்மன், நம்ம புனிதருக்கே கடைச் சரக்கா?" என்றார் அன்செல்ம். சிரித்தோம். ஃபிர்மன் ஊற்றிக்கொண்டே போனார்.

குடித்தோம். அன்செல்ம் மறுபடி கோப்பையை நீட்டினார். பிறகு இன்னொரு தடவை.

"தப்பா நெனச்சுக்காதப்பா. உன் வீட்ல இத்தன வருஷமா குடிச்சதுல இதுதான்யா ஒயின்!"

அதில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் கொடுமை. எல்லாரும் மனசாரத் தலையாட்டினோம். திட்டியிருந்தால் அவர் பதிலுக்குத் திட்டியிருப்பார். பாராட்டை என்ன செய்வது? ஒதீல் பாலாடைக்கட்டி நறுக்குவதாக உள்ளே போனவள், வெகுநேரம் வரவில்லை.

கொடிகள் தேறின. லேபிளில் 'தொமேன்' திரும்பியது. வாங்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, "'தொமேன்' இல்லாத ஒயின் ஒண்ணு இருந்துச்சாமே?" என்றார்கள்.

"தீர்ந்துபோச்சு."

போன ஜனவரியில் ஊரே கொடிகளைக் கவாத்து வெட்டக் கிளம்பியது. ஃபிர்மன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"தோட்டத்துக்குப் போகலையா?" என்றாள் ஒதீல்.

"யாருக்காக?"