பச்சை விளக்கு வராத பத்து நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தபோது சிதம்பரம் அண்ணன் மனைவியிடமிருந்து போன் வந்தது. "லதா, அண்ணன் போயிட்டாருத்தா. குளிச்சிட்டு வந்து உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு." எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது.

புதுக்கோட்டையில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் எல்லாம் சிதம்பரம் அண்ணன் பொறுப்பு. கட்டுமாவடியிலும் பொன்னமராவதியிலும் எடுக்கும் ரத்தத்தின் முடிவுகள்கூட எங்கள் சர்வரில்தான் வந்து சேரும். சர்வரின் முகப்பில் இழுப்பறை மாதிரி ஒரு தட்டு. அதில் ஒரு டிஸ்க்கைத் தள்ளி, சின்னச் சாவியைத் திருப்பினால் பச்சை விளக்கு எரியும். அன்றைய வேலை முழுவதும் நகலாக அதில் பதியும். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க் ஒன்று, நீலம் ஒன்று. தினமும் சாயங்காலம் ஒன்றை மாட்டிவிட்டு, மற்றதைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்து நார்த்தாமலையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

"புருசன் பொண்டாட்டி மாதிரி தெனமும் கூடவே கூட்டிட்டுப் போறீகளே" என்று நான் கிண்டல் செய்வேன். "ரெண்டும் இங்கிட்டே கெடந்து தீப்புடிச்சா? ஒன்னு எங்கிட்டாவது வெளிய இருக்கணும்த்தா" என்பார்.

மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு போட்டபோது வேலையை என்னிடம் கொடுத்தார். "சாவியத் திருப்புனாத்தான் கரண்டு போகும். பச்சை வந்துச்சான்னு பாத்துட்டுத்தான் கெளம்பணும்." இதை மூன்று தடவை சொன்னார். சரி சரி என்று தலையாட்டினேன்.

முதல் நாளே சாவி இறுக்கமாக இருந்தது. இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தேன், நகரவில்லை. எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தட்டு உள்ளே போய்விட்டது, அது போதும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது, ஓகேவைத் தட்டினேன். அதன் பிறகு சாவியைத் தொடவே இல்லை. ஆனால் டிஸ்க்கை மட்டும் தினமும் ஒழுங்காக மாற்றி வீட்டுக்குத் தூக்கிப்போனேன். என்ன புத்தி பாருங்கள்!

அவர் திரும்பி வந்த அன்று காலையில் சர்வர் படுத்துவிட்டது. இரண்டு டிஸ்க்கிலும் அவர் லீவு போவதற்கு முன்பு பதிந்ததுதான் இருந்தது; பத்து நாள் முடிவுகளும் போய்விட்டன. முடிவு வாங்கக் கட்டுமாவடியிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாக்களிடம் மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. முதலாளி எங்கள் எல்லோரையும் ஹாலில் நிற்கவைத்துக் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தார். "பூட்டு தேஞ்சு போச்சு சார். நான் முன்னாடியே மாத்திருக்கணும். என் தப்புதான்."

"இத்தனை வருசமா இங்க என்னத்தக் கிழிச்சீங்க?" என்று கேட்டார் முதலாளி. அண்ணன் தலை குனிந்து நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

மத்தியானம் அந்தப் பூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சாவியைத் திருப்பினார். சுலபமாகத் திரும்பியது. என்னைப் பார்த்தார். "விடுத்தா. கஷ்டமா இருந்தா ஒரு போனு போட்டிருக்கலாம்ல" என்றார், அவ்வளவுதான். நாளைக்கு முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் நாளைக்கு நாளைக்கு என்றே போனது. அந்த மூன்று வாரமும் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. சர்வர் அறையிலேயே சாப்பிட்டார். அவர் இறந்தது மாரடைப்பால் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அந்த ஹால்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

துக்க வீட்டில் அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டுத் துண்டில் சுற்றிய டிஸ்க்கைக் கையில் கொடுத்தார். "எனக்கு ஒன்னுன்னா இத லதாகிட்டக் குடு, அது பத்திரமாப் பாத்துக்கும்னு போன வாரந்தான் சொன்னாக."

அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். முதலாளியும் படிக்கட்டும். பூட்டு தேயவில்லை. சாவியைத் திருப்பாதது நான்.

அந்தச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் திருப்புகிறேன். பச்சை எரிந்த பிறகும் அங்கேயே நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் அண்ணன் குரல் "பச்சை வந்துச்சாத்தா?" என்று கேட்கிறது. "வந்துருச்சுண்ணே" என்கிறேன். மறுபடியும் கேட்கிறது. பஸ் போய்விடுகிறது.