மெஷின் முன்னால் ஒரு மணைப்பலகை

போன பங்குனியில், அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நடந்தது இது. வாஷிங் மெஷினில் அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாயை அதற்கு ஆறு மாதம் முன்பு நானே மாற்றியிருந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் நம் மரியாதை என்னாவது? அன்றிலிருந்து ஒரே ஒழுகல். தண்ணீர் சுவரோரமாகக் கொல்லைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் ஏற ஏறத் தண்ணீர் வீணாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்மூடியைக் கழற்றி, புதுக் கிளிப் போட்டு இறுக்கினேன். ஒழுகல் நின்றது. தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் மனைவி, "ஏங்க, மெஷினைத் தொட்டா சுருக்குங்குது" என்றாள். நான் ரப்பர் செருப்போடு போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "உனக்குப் பயம்தான் ஷாக்கடிக்குது" என்று சிரித்தேன். மறுநாளும் சொன்னாள், அன்றும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. விஷயம் முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பார்க்கிறேன், ஓடிக்கொண்டிருந்த மெஷின் முன்னால் எங்கள் மணைப்பலகை கிடக்கிறது.

"இது எதுக்கு இங்க?"

"அது மேல நின்னுதான் பட்டனை அமுக்குறேன். பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் துணி எடுக்குறேன். புள்ளைய இந்தப் பக்கமே விடுறதில்ல."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா சிரிக்கிறீக."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வீம்புக்குப் பலகையைத் தள்ளிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மெஷினில் கை வைத்தேன். ஆத்தாடி! தூக்கிப் போட்டதில் சுவரில் மோதி விழுந்தேன். அவள்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

எலெக்ட்ரீசியன் வந்து பின்மூடியைத் திறந்தார். "மூடும்போது ஒயரை நசுக்கி வச்சிருக்கீகளே அண்ணாச்சி!" என்றவர், கொல்லைச் சுவரோரம் இருந்த, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழியையும் போய்ப் பார்த்தார். மண் வெடித்துக் கிடந்தது.

"காஞ்ச மண்ணு கரண்டை எப்படி இழுக்கும்? இத்தனை நாளும் ஒழுகுன தண்ணிதான் குழியை நனைச்சிருக்கு. அதையும் நிறுத்திட்டீக. நம்ம ஊரு வெயிலுக்கு அப்பப்ப ரெண்டு குடம் ஊத்தணும். வீட்ல அவுக சூதானமா இருந்திருக்காக. இல்லன்னா..." முடிக்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வேலை முடித்து அவர் போனதும் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் அந்தக் குழியில் ஊற்றினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. மனைவி காபி டம்ளரை நீட்டியபடி, "இனிமே செருப்பு மாட்டிக்கிட்டு ஆராய்ச்சி பண்ணாதீக" என்றாள். அவள் அன்று என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இன்றைக்கும் அவள் எதையாவது சொல்ல வரும்போது, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று என் வாய்வரை வரும். நான் சிரிப்பேன் என்பதற்காகவே உயிர்ப்பயத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு பத்து நாள் அவள் துணி துவைத்ததை நினைத்ததும், வாயை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்கிறேன்.