சலித்து வந்த மண்

ஏழு இரும்புப் பவுண்டரிகள் பொதுவில் நடத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் மண் சோதிப்பவள் அவள். எல்லாருக்கும் மண்ணக்கா. உருக்கிய இரும்பை மண் அச்சில் ஊற்றி எடுக்கும் வார்ப்பில் ஏன் ஓட்டை விழுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தக் கூடமே. எட்டு மாதமாக, வாரம் ஒரு பையாக ஏழு பவுண்டரிகளும் அனுப்பிய அச்சு மண்ணில் ஒரு குறை இல்லை. ஓட்டையும் குறைந்தபாடில்லை. அடுத்த கூட்டத்திலும் இதே பாட்டு என்றால் இழுத்து மூடிவிடுவோம் என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் அவள் வீட்டிலேயே பிடிபட்டது. மாவுச் சல்லடையில் கருமண் ஒட்டியிருந்தது. கணவர் ஐந்தாம் பவுண்டரியில் மோல்டர். மண்ணை இடித்து அச்சு எடுப்பவர். அவளுக்காகச் சிகரெட்டையே விட்டவர் என்று பெயர் வேறு.

“என்னங்க இது?”

“உனக்கு அனுப்புற மண்ணுதான். அடுத்தவன் முன்னாடி நம்ம மண்ணு அசிங்கமா நிக்கலாமா?”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்புவதுபோல் ஏழு பவுண்டரி மோல்டர்களும் மண்ணைச் சலித்து, காயவைத்து, சிங்காரித்து அனுப்பியிருக்கிறார்கள்!

மறுநாள் வாளியும் கையுமாக அவளே கிளம்பினாள். ஏழு இடத்திலும் மோல்டர் காலடி மண்ணை அள்ளி வந்தாள். எல்லாவற்றிலும் ஈரம் அதிகம். கொதிக்கும் இரும்பு பட்டதும் அது ஆவியாகி ஓட்டை போடாமல் என்ன செய்யும்? ஐந்தாவதுதான் படுமோசம்.

“இந்த ஈரக் கணக்கைக் கூட்டத்துல படிச்சே ஆகணுமா?” என்றார் கணவர். “கையில பிடிச்சே ஈரம் சொல்றவன்னு பேர் எடுத்தவன் நான்.”

“பேர் இருக்காதுங்க, நம்பர்தான்.”

“அஞ்சுன்னா யாருன்னு ஊருக்கே தெரியும்.”

அவளுக்குப் பாவமாக இருந்தது. இருந்தும் கூட்டத்தில் படித்தாள். ஏழு முதலாளிகளும் ஏழு மோல்டர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அஞ்சு என்ன மண்ணா, குளமா?” என்று ஒரு முதலாளி சிரித்தார்.

சுவரோரம் நின்ற கணவர் முன்னால் வந்தார். “என் கைதான். அச்சு உடையக்கூடாதுன்னு ஒரு குவளை தண்ணி அதிகமாத் தெளிப்பேன். மத்த ஆறு பேரும் கொஞ்சம் வாயைத் திறங்கப்பா.”

“நான் அரைக் குவளை,” என்றது ஒரு குரல். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு எழுத ஏதோ இருந்தது. கூடத்தை மூடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் பைகள் சலிக்காமல் வந்தன. கட்டியும் துரு ஆணியுமாக அவற்றைக் கொட்டியபோது அவள் கண் கலங்கிவிட்டது. ஐந்தாம் பையின் அடியில் ஒரு சிகரெட் துண்டு கிடந்தது. நுனி கடிபட்டிருந்தது. அந்தக் கடியை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“இந்த வாரம் மண்ணு எப்படி?” என்று மாலையில் கணவர் ஆவலாகக் கேட்டார்.

காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்ததை அவர் முன் பிரித்து வைத்தாள்.

“ஈரம் சரியா இருக்கு. புகைதான் ஜாஸ்தி.”