பத்தடி பின்னால்: மாத்தளையில் உலகத்தர நகரம் தேடிய மூன்று நாள்

போன மாதம் இந்த வலைப்பூவில், இலங்கையில் உலகத்தர நகரமாகக்கூடிய ஊர் எது என்று ஒரு கட்டுரை எழுதினேன். கட்டட வரைபடம் வரைவது என் தொழில். அந்தப் புத்தியோடு உயரமான கட்டடம், மேம்பாலம், விமான நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம் என்றெல்லாம் அளந்து பார்த்துக் கொழும்புக்கு மாலை போட்டிருந்தேன். பின்னூட்டங்களில் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டீர்கள். ஒருவர் கண்டி என்றார். இன்னொருவர் தம்புள்ளை என்றார். நாட்டு மரக்கறியெல்லாம் வந்து இறங்கி லொறி ஓயாமல் போகிற ஊரை விட்டுவிட்டு என்ன உலகத்தரம் என்று கேட்டார். ஒவ்வொன்றையும் என் மனைவி மாலினிக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஊர்லயெல்லாம் நான் தனியா ரோட்டுல நடக்கலாமா?" என்றாள்.

மாலினியைப் பற்றி இங்கே இதுவரை எழுதியதில்லை. இன்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்தாறு வருடமாக அவள் பார்வை இரண்டு பக்கமிருந்தும் சுருங்கிக்கொண்டு வருகிறது. இப்போது ஒரு குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி என்கிறாள். எதிரே வெளிச்சம் தெரியும், காலடி தெரியாது. அதுவும் போய்விடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான்கு மாதமாக வெள்ளைப் பிரம்பு பிடித்து நடக்கப் பழகுகிறாள்.

எங்கள் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அங்கே நடைபாதை சமமாக இருக்கும், சிக்னல் சத்தம் போடும், ட்ராம் அடுத்த தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லும், ஆகவே இரண்டு பேரும் நிரந்தரமாக வந்துவிடுங்கள் என்று படிவங்களை அனுப்பிவிட்டாள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மாலினிக்குப் போக விருப்பமில்லை. ஆனால் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் வெளியே போகலாம் என்ற வாழ்க்கையிலும் அவளுக்கு விருப்பமில்லை. யோசித்துத் தனக்குத்தானே ஒரு சோதனை வைத்துக்கொண்டாள்.

மாத்தளை அவள் பிறந்த ஊர். கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்து இருபத்தாறு வருடம். பள்ளிக்கூடத் தோழி பரீதா அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் கடை வரைக்கும் ஏறக்குறைய 650 மீட்டர். "அதைத் தனியா நடந்துட்டேன்னா பேப்பர்ல சைன் வைக்க மாட்டேன். முடியலைன்னா வச்சிடுறேன். நீங்க பத்தடி பின்னால வரலாம். தொடக்கூடாது, பேசக்கூடாது" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை 6.45க்குக் கொழும்பிலிருந்து ஏ.சி. பஸ் எடுத்தோம். ஆளுக்கு 900 ரூபாய். கண்டியில் நெரிசலில் மாட்டி, 11.40க்கு மாத்தளையில் இறங்கினோம். கண்டியிலிருந்து மாத்தளை 26 கிலோமீட்டர்தான். ஆனால் கண்டியை விட்டு வெளியேறுவதற்கே பாதிப் பொறுமை போய்விடும். (உலகத்தரப் போட்டியில் கண்டிக்கு அங்கேயே ஒரு மதிப்பெண் குறைத்தேன்.)

இறங்கியதும் மாலினி அசையாமல் நின்றாள். பயந்துவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் "ரத்தோட்ட, ரத்தோட்ட, ரத்தோட்ட!" என்று இரத்தோட்டை போகிற பஸ்ஸைத் தட்டி ஒரு கொண்டக்டர் கூப்பிடுகிறார். இன்னொரு பக்கம் தம்புள்ளை பஸ்காரர் தொண்டை கிழியக் கத்துகிறார். லொத்தர் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கி வேறு. "மெல்போர்ன்ல ட்ராம் மட்டுந்தான் பேசுமாம். இங்க பாருங்க" என்று சிரித்தாள். இரத்தோட்டைச் சத்தம் இடது கைப்பக்கம் வருகிற மாதிரித் திரும்பி, பிரம்பை நீட்டி நடக்கத் தொடங்கினாள்.

முதல் நூறு மீட்டரில் மூன்று பேர் அவளைப் பிடித்தார்கள். ஒரு அம்மா தோளைப் பிடித்துக் கடையோரமாகத் தள்ளினார். ஒரு மாணவி பிரம்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரியவர் "வாங்க மகள்" என்று கையைப் பிடித்து, அவள் கடக்கவே விரும்பாத வீதியைக் கடத்தி அந்தப் பக்கம் விட்டுவிட்டு, புண்ணியம் தேடிய முகத்தோடு போய்விட்டார். பேசக்கூடாது என்ற கட்டளையால் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவள் அந்தப் பக்கம் நின்று, வாகனச் சத்தம் ஓயும் வரை காத்திருந்து, தானே திரும்பி வந்தாள். எனக்குப் பெருமையில் கண் கலங்கியது.

அதன்பிறகு நான்தான் கெடுத்தேன்.

பாதி வழியில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அதன் முன்னால் வீதியோரக் கழிவுநீர்க் கானை மூடியிருந்த கொங்கிரீட் மூடி ஒன்று உடைந்து, ஒரு ஆள் இறங்கக்கூடிய பள்ளம். நம் நாட்டு வழக்கப்படி எச்சரிக்கைக்கு ஒரு மரக்கிளையை ஒடித்து அதற்குள் நட்டிருந்தார்கள். கண் உள்ளவர்களுக்கு அது போதும். மாலினியின் பிரம்பு கிளையில் பட்டது. அவள் நின்றாள். பிரம்பால் இலையைத் தட்டிப் பார்த்தாள், கீழே தட்டினாள், பிரம்பு பள்ளத்துக்குள் இறங்கியது. அவ்வளவுதான், நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தேன். அவள் தடுமாறிக் கடைச் சுவரில் தோளை இடித்துக்கொண்டாள்.

"நான் நின்னுட்டேன்தானே! எதுக்கு இழுத்தீங்க?" வீதியே திரும்பிப் பார்த்தது. "எத்தன தடவ சொன்னேன், தொடாம பத்தடி பின்னால வாங்கன்னு! கை வேணும்னா நான் கேப்பேன். கேட்டா முழங்கையக் குடுங்க, நான் புடிச்சிக்கிறேன். ஆட்டுக்குட்டிய மாதிரி இழுக்காதீங்க!"

கடைக்குள்ளிருந்து முதலாளி ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், தொப்பி போட்ட மனிதர். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரை ஹார்ட்வெயார் நானா (நானா என்றால் அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். "எங்கட கடைக்குச் சீமெந்து இறக்க வந்த லொறி ஏறி ஒடஞ்சது மிஸ். பிழை எங்கட பக்கந்தான்" என்று கையைப் பிசைந்தார். மாலினி என் பக்கம் திரும்பினாள். த்ரீவீல் (ஆட்டோ) பிடிக்கச் சொன்னாள். பரீதாவின் கடைக்கு நாங்கள் போன முதல் தடவை 150 ரூபாய் கொடுத்து, இரண்டு நிமிடத்தில். பரீதா கட்டிப்பிடித்து அழுதாள், சோறு போட்டாள், மாலினி சரியாகச் சாப்பிடவில்லை. இரவு அறையில் (இருவருக்கு 5,500, காலைச் சாப்பாடு உட்பட) அந்தப் படிவங்களைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் படுத்தாள். சோதனையில் தோற்றது நான், கையெழுத்துப் போடப்போவது அவள்.

மறுநாள் ரிவர்ஸ்டன் மலைக்குப் போவதென்று முன்பே பேசியிருந்தோம். இரத்தோட்டையைச் சேர்ந்த செல்வம் என்ற த்ரீவீல்காரர், காத்திருப்பதையும் சேர்த்துப் போய்வர 7,500 கேட்டார், 7,000க்கு வந்தார். காலை 6.30க்குப் புறப்பட்டு இரத்தோட்டையில் பிளேன்டி என்கிற பால் விடாத தேநீர் குடித்து, தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறி 8.20க்கு மேலே நின்றோம். மாத்தளையிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். மேலே போனதும் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக மூடுபனி, அதற்குள் ஏமாந்து நிற்கிற பத்துப் பதினைந்து பேர், அவர்களில் கமெராவும் கையுமாக நான்.

காட்சி எங்காவது திறக்குமென்று முன்னால் போய்க்கொண்டே இருந்தேன். திரும்பினால் த்ரீவீலைக் காணவில்லை, தார் ரோடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. காலடியில் ஈரப் புல் வழுக்கியது. உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். "மாலினி, அசையாத!" என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து டக், டக் என்று பிரம்புச் சத்தம் என்னை நோக்கி வந்தது. "நீங்க அசையாம நில்லுங்க" என்றாள். பக்கத்தில் வந்து முழங்கையை நீட்டினாள். "இங்க புடிங்க. அரை அடி பின்னால வாங்க."

பிடித்துக்கொண்டேன். தார் விளிம்பைப் பிரம்பால் தடவிக்கொண்டே அவள் நடந்தாள். தூரத்தில் செல்வம், "இங்கிட்டு வாங்கக்கா, இங்கிட்டு, இங்கிட்டு!" என்று பஸ் கொண்டக்டர் மாதிரியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இருநூறு மீட்டர் இருக்கும். அவள் திரும்புவதற்கு முன்பே அவள் முழங்கை எனக்குச் சொன்னது. யாரும் என்னை இழுக்கவில்லை. நேற்று நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று அந்த இருநூறு மீட்டரில் விளங்கியது. அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடுங்க. நாளைக்கு இன்னொரு தடவ நடக்கிறேன். இந்தத் தடவ நீங்க வரவே வேணாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 9.10. பஸ் ஸ்டாண்டின் இரத்தோட்டைச் சத்தத்தை இடப்பக்கம் வைத்துக்கொண்டு மாலினி புறப்பட்டாள். நான் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். பிளேன்டி ஐம்பது ரூபாய். மூன்று குடித்தேன், மூன்றும் ஆறித்தான் குடித்தேன். சாதாரணமாகப் பத்து நிமிட நடை. 9.25 ஆனது. 9.35 ஆனது. பள்ளம், லொறி, புண்ணியம் தேடுகிற பெரியவர் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. இரண்டு தடவை எழுந்து நின்று உட்கார்ந்தேன். கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

9.47க்குப் பரீதாவின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"வந்துட்டேன்" என்றாள் மாலினி. பின்னால் பரீதா அழுகிற சத்தமும் தையல் மெஷின் சத்தமும் கேட்டன. உடனே அவளே தொடர்ந்தாள். "ஆனா நீங்க பின்னால வந்தீங்கதானே? பொய் சொல்லாதீங்க. அந்தப் பள்ளத்தடியில இருந்து செருப்புச் சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் நின்னா அதுவும் நின்னுச்சு. உங்கள மனசுக்குள்ள ஏசிக்கிட்டேதான் வந்தேன்."

"நான் பஸ் ஸ்டாண்ட்ல பிளேன்டி குடிச்சிக்கிட்டு இருக்கேன், மாலினி."

"அப்ப அது யாரு?" என்றாள்.

நான் வேகமாக நடந்தேன். ஹார்ட்வெயார் கடைப் பள்ளத்தில் புதிதாக ஒரு பச்சைக் கிளை. அதைச் சுற்றி நான்கு பக்கமும் சீமெந்துக் கல் அடுக்கி, பிரம்பு தட்டுகிற உயரத்துக்கு ஒரு சின்னச் சுவர். கடை திறந்து கிடந்தது. ஆணி வாங்க வந்த ஒருவர், "முதலாளியக் காணோம் சேர், ரொம்ப நேரமா நிக்கிறேன்" என்றார். இன்னும் கொஞ்சம் போனதும் எதிரே வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் செருப்பில் சரக் சரக்கென்று ஹார்ட்வெயார் நானா வந்தார். என்னைக் கண்டதும் பிழை செய்த பிள்ளை மாதிரி நின்றுவிட்டார்.

"கைய வைக்கல சேர். வாயும் தொறக்கல" என்றார். "பத்தடி என்டு மிஸ் அன்டைக்குச் சொன்னாங்கதானே. அவ்வளவுதான் போனேன். நடுவுல ஒருத்தன் கையப் புடிக்க வந்தான், நான் பின்னால இருந்து வேணாமென்டு சைகை காட்டினேன். அது பிழையில்லதானே?"

நடு வீதியில் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்தேன். அவர் என்னைவிட வெட்கப்பட்டார்.

மாலினியிடம் சொன்னபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு பிரம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்படீன்னா நான் தனியா வந்த கணக்குத்தானா?" என்று கேட்டாள். பிறகு அவளே, "தொடல. பேசல. தனியாதான் வந்தேன்" என்றாள். பரீதாவின் கடையில் இருந்தே மகளை அழைத்தாள். "பேப்பர்ல சைன் வைக்கல. மூணு மாசத்துக்கு வர்றோம், உங்க ஊர் ரோட்டுல நல்லா பிரம்பு பழகிக்கிறேன். பழகிட்டுத் திரும்பி வந்திடுவேன்" என்றாள். மகள் கொஞ்சம் அழுதாள், பிறகு ஒத்துக்கொண்டாள்.

இனி, போக இருக்கிறவர்களுக்கு. ரிவர்ஸ்டனுக்குக் காலையில் போனால் பனிதான் கிடைக்கும், காட்சி வேண்டுமென்றால் பத்து மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், வழுக்காத செருப்பு கட்டாயம். த்ரீவீல் வாடகையைப் புறப்படும் முன் பேசிக்கொள்ளுங்கள். கொழும்புக்குத் திரும்ப ஞாயிறு மதியத்துக்கு முன் பஸ் ஏறிவிடுங்கள், பின்னேரம் நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

உலகத்தர நகரம் எது என்று கேட்டவர்களுக்கு: மெல்போர்ன் நடைபாதையில் ஜெயித்துவிட்டது, அதில் வாதமில்லை. மாத்தளை இன்னும் ஆகவில்லை. வீதிகளைச் சமப்படுத்தி, பள்ளங்களுக்குக் கிளைக்குப் பதிலாக மூடி போட்டால் ஆகலாம் என்று நம்புகிறேன். ஹார்ட்வெயார் நானா தன் கடை முன்னால் மூடி போட்டுவிட்டதாகப் பரீதா நேற்றுப் படம் அனுப்பினாள். நம் ஊர்களில் எதுவாக இருந்தாலும் சரி, வெள்ளைப் பிரம்போடு ஒருவர் போவதைக் கண்டால் கை வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் முழங்கையைக் கொடுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் வேலையைப் பாருங்கள். மனசு கேட்கவில்லையென்றால் பத்தடி பின்னால் போங்கள். ஹார்ட்வெயார் நானா கடையைப் பூட்டக்கூட நிற்காமல்தான் போனார்.